2250ஆம் ஆண்டின் இங்கிலீஷ்

காத்தான்குடி
03.05.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே வாப்பா, உம்மா, தங்கச்சி அம்னா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். வாப்பாவின் முழங்கால் மட்டும் யார் சொல்லையும் கேட்பதில்லை. போன ஞாயிறு ஓட்டமாவடிக்குப் போய் உங்கள் உம்மாவைப் பார்த்தேன். உங்களை எண்ணி எனக்கு இரண்டு தடவை சோறு போட்டார். உங்கள் சுகத்துக்கு எல்லோரும் துஆச் செய்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பக்கத்து வீட்டு நஸீபா சிரிக்கிறாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் றிஷாட் வருஷத்துக்கு மூன்று தடவை வந்துபோகிறவர். நமக்கு ஜனவரியில் கலியாணம், இருபத்தாறு நாளில் நீங்கள் கத்தாருக்குத் திரும்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாம் போனில் கதைத்ததெல்லாம் சபையில் கதைத்ததுதான். உங்கள் பெயர் திரையில் விழுந்ததும் உம்மா ஒரு பக்கம், உம்மாவின் தங்கை சாச்சி ஒரு பக்கம். உங்கள் அறையிலும் ஐந்து பேர். "சாப்பிட்டீங்களா", "அங்க வெயிலா" என்பதற்கு மேல் புருஷன் பெண்சாதி என்ன கதைப்பது?

அதனால் றிஷாட் கையில் உங்கள் கடிதம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். அதுவும் இங்கிலீஷில் இரண்டு பக்கம்! நான் இங்கிலீஷ் டீச்சர் என்பதற்காகச் சிரமப்பட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருஷப் பழக்கதோஷம், சிவப்புப் பேனை இல்லாமல் எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. திருத்திய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் இருபத்து மூன்று பிழைகள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிட எவ்வளவோ மேல். கையெழுத்து மிக அழகு.

வாப்பா கேட்கச் சொன்னது: நவம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறதே, இன்னும் இரண்டு வருஷம் நீட்டுவீர்களா, ஊருக்கு வந்துவிடுவீர்களா? வந்தால் மெயின் வீதியில் ஒரு சலவைக் கடை போடலாம் என்கிறார். செப்டம்பர் நடுப்பகுதிக்குள் கம்பனிக்கு முடிவு சொல்ல வேண்டுமாமே.

றிஷாட் நாளை பயணம். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸுஹைனா

*

காத்தான்குடி
07.06.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு மாதம் போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக றிஷாட் சத்தியம் செய்கிறார். போனில் "ஓம்", "சரி", "வைக்கட்டா" என்று மூன்று சொல்லோடு முடித்துவிடுகிறீர்கள். சலவைச்சாலைச் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

நேற்று அம்னாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துவிட்டாள்.

"புருஷன்ட கடிதத்துக்கா ராத்தா செவப்பு மை? ஒனக்கென்ன விசரா? மார்க்ஸும் போட்டனீயா?"

மார்க்ஸ் போடவில்லை என்றேன். அதற்கும் சிரித்தாள். கோபமா மச்சான்? கோபம் என்றாலும் எழுதுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் உங்களுக்குக் கிடைக்குமாறு ஒருவர் கையில் இதை அனுப்புகிறேன்.

ஸுஹைனா

*

தோஹா
21.06.2024

அன்புள்ள ஸுஹைனாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம். பெருநாள் தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலத்தில் வேலைக்குப் போனோம். ஹோட்டல்களில் விருந்தாளிகள் அதிகம், படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. தாமதத்துக்கு மன்னிக்கவும். வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம்.

நீங்கள் திருத்தி அனுப்பியது கிடைத்தது. அது பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நான் எழுதியது நீங்கள் படிப்பிக்கும் இங்கிலீஷ் அல்ல. அது 2250ஆம் ஆண்டின் இங்கிலீஷ்.

எங்கள் சலவைச்சாலையில் நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறோம். நேபாளி, வங்காளி, பிலிப்பினோ, கென்யாக்காரர், நாங்கள். நாள் முழுக்க இங்கிலீஷ்தான் கதைக்கிறோம். வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லை. இன்னும் இருநூறு வருஷத்தில் அந்தப் பாஷை எங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கும். அப்போது அது எப்படி மாறியிருக்கும் என்று யோசித்து, நானும் அறை நண்பர்களும் சில வருஷமாக அதைச் செய்துவருகிறோம்.

விதி ஒன்று: நடந்து முடிந்த எதற்கும் பின்னால் 'ஃபினிஷ்' சேர்த்தால் போதும். 'ஐ ஈட் ஃபினிஷ்.' 'ஷீட் ட்ரை ஃபினிஷ்.' விதி இரண்டு: பல என்பதற்குச் சொல்லை இரண்டு தடவை சொல்வது. 'டவல் டவல்.' விதி மூன்று: 'த', 'ஏ' போன்ற பொடிச் சொற்கள் 2100க்கு முன்பே செத்துவிடும்.

இந்த விதிகளின்படி பார்த்தால் நீங்கள் கோடு போட்ட இருபத்து மூன்றில் இருபது சரியானவை. மூன்று கைப்பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பர் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று மாமாவிடம் சொல்லவும்.

றிஸான்

*

காத்தான்குடி
05.07.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க என் முகத்தில் சிரிப்பு போகவில்லை என்று உம்மா சொல்கிறார். தலைவலித் தைலம் பூசிக்கொண்டு திரிந்தவள் திடீரென்று சிரித்தால் அவருக்குப் பயம்தானே.

2250! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் பழைய காலத்து ஆளாய் இருந்துவிட்டேன். நூற்று இருபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி உங்கள் மூன்று விதிகளையும் எழுதிவைத்திருக்கிறேன். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

நீங்கள் அனுப்பியிருந்த கடிதம் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். முதல் பக்கத்து ஐந்தாம் வரியில் 'ஐ வாஸ் கோ' என்று இருந்தது. முதலாம் விதிப்படி 'ஐ கோ ஃபினிஷ்' என்றல்லவா வரவேண்டும்? ஒருவேளை அது 2250இன் நாட்டுப்புறப் பேச்சோ? அப்படித்தான் இருக்கும், இல்லையா?

சொற்கள் தேய்வதில்லையா? நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் இருநூறு வருஷம் முழுசாக நிற்குமா? அரபுச் சொற்கள் உள்ளே வருமா? அங்கே 'யல்லா' சொல்லாமல் ஒரு வேலையும் நடக்காதே. பாஷைக்கு ஒரு பெயர் வேண்டாமா?

கடைசியாக ஒன்று. 2250இல் டீச்சர்மார் இருப்பார்களா? இருந்தால் அவர்களுக்கு என்ன வேலை?

அடுத்த விதிகளை விரைவாக அனுப்புங்கள். கொப்பி காத்திருக்கிறது.

உங்கள் ஸுஹைனா

*

தோஹா
26.07.2024

அன்புள்ள ஸுஹைனாவுக்கு, ஸலாம்.

நான் சுகம். உங்கள் தலைவலி எப்படி? கண்ணாடியை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் கேள்விகளை அறையில் வாசித்துக் காட்டினேன், தேவையான பகுதியை மட்டும். ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தால் பின்னேரம்வரை சண்டைதான். நேபாளத்துப் பிமல், பிலிப்பைன்ஸ் ஜூன், கென்யாவின் ஒட்டியேனோ, வங்காளி ஷொஹிதுல், நான். இது வரப்போகும் எல்லோருடைய பாஷை என்பதால் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்கிறோம். மூன்று வெள்ளிக்கிழமையில் பதினொரு விதி முடிந்துவிட்டது! பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

'ஐ வாஸ் கோ' நீங்கள் சொன்னபடி நாட்டுப்புறப் பேச்சுதான். நன்றி.

சொல் தேய்வது பற்றி நீங்கள் கேட்டது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இங்கே ஆகக் கூடுதலாகச் சொல்லப்படுவது 'நோ ப்ராப்ளம்'. மிஷின் உடைந்தாலும் அதுதான், கை சுட்டாலும் அதுதான். அது தேய்ந்து 'நப்ராப்' ஆகும். சந்தித்தால் நப்ராப், மன்னிப்புக் கேட்டால் நப்ராப், பிரியும்போதும் நப்ராப். பாஷைக்கும் அதையே பெயராக வைத்துவிட்டோம். 'யல்லா' உள்ளே வந்துவிட்டது, ஒருவரும் எதிர்க்கவில்லை.

பெரிய சண்டை மேலதிகாரியைக் கூப்பிடும் 'சேர்' என்ற சொல்லுக்கு. அது வேண்டாம் என்று ஒட்டியேனோ எழுந்து நின்று பிரசங்கம் செய்தார். நாலுக்கு ஒன்று வாக்கில் தூக்கிவிட்டோம். சேர் இல்லாமல் யாரிடம் லீவு கேட்பது என்று ஜூன் இன்னும் முணுமுணுக்கிறார்.

டீச்சர்மார் இருப்பார்கள். அவர்கள் திருத்தமாட்டார்கள். ஆட்கள் கதைப்பதைக் கேட்டு, புதுச் சொல் வந்தால் கொப்பியில் பதிவார்கள். மேடம் இதை ஏற்றுக்கொள்வாரா என்று பிமல் கேட்கிறார்.

றிஸான்

*

காத்தான்குடி
16.08.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

சுகம். தலைவலி போய்விட்டது, கண்ணாடிதான் காரணம். உங்கள் வாக்குப் பலித்தது. மேடம் ஏற்றுக்கொள்கிறாள் என்று பிமலிடம் சொல்லுங்கள்.

நானும் ஒரு விதி அனுப்புகிறேன். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ் பேசுகிற இவ்வளவு பேர் கதைக்கப்போகிற பாஷையில் இந்தக் குறை இருநூறு வருஷம் நிற்குமா? 'வி-யூ', 'வி-நோ-யூ' என்று இரண்டு வைக்கலாம். இதை உங்கள் பட்டியலில் ஆட்களைக் குறிக்கும் சொற்கள் பற்றிய ஏழாம் விதிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஏழாம் விதியிலும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். வாக்குக்கு விடுங்கள். எனக்கும் ஒரு வாக்கு வேண்டும்.

முக்கியமான செய்தி: கொப்பி வாப்பா கையில் அகப்பட்டுவிட்டது. முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த அசனார் சேர் இதைக் கண்டால் என்ன ஆகும் என்று நடுங்கினேன். இரண்டு நாள் கண்ணாடியோடு வாசித்தார். பிறகு கூப்பிட்டார்.

"இது ஆருட வேல புள்ள?"

"மச்சான்ட."

"மேசயில வாயே தொறக்காத மனிசன், உள்ளுக்க இவ்வளவு வெச்சிருக்காரா? மூளக்காரன்தான். வரட்டும், இருந்து கதைக்கோணும்."

வாப்பா ஒருவரை மூளைக்காரன் என்று சொல்லி நான் கேட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னது தன்னையே.

உம்மா கேட்கச் சொன்னது: முடிவு என்ன? செப்டம்பர் வரப்போகிறதே.

உங்கள் ஸுஹைனா

*

தோஹா
30.08.2024

அன்புள்ள ஸுஹைனாவுக்கு, ஸலாம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமா என்னை மூளைக்காரன் என்று சொன்னதை வாசித்த பிறகு சோறுதான் இறங்கவில்லை.

நான் சொன்னது பொய். அப்படி ஒரு பாஷை இருக்கவில்லை. உங்களுக்கு எழுதியது 2250இன் இங்கிலீஷும் அல்ல, எந்த வருஷத்து இங்கிலீஷும் அல்ல. வெறும் பிழை. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷை இரண்டு தடவையும் கோட்டை விட்டவன் நான். அந்த இரண்டு பக்கத்தையும் எழுத எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. சிவப்பு மையோடு அது திரும்பி வந்தபோது வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து வாயில் வந்த பொய்யை எழுதினேன். நீங்கள் கேள்விமேல் கேள்வி கேட்டீர்கள். பொய்யை உண்மையாக்க வேண்டியதாகிவிட்டது. வெள்ளிக்கிழமைச் சண்டைகள் அதற்குப் பிறகு தொடங்கியவை.

நம் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை நான். அந்த இருபத்தாறு நாளும் மாமா இங்கிலீஷ் பத்திரிகையை என் பக்கம் தள்ளி அபிப்பிராயம் கேட்பார். நான் ஆணத்துக்குள் இருக்கும் இறைச்சித் துண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த மேசைக்கு எப்படித் திரும்பி வருவது?

இன்னொன்று. என் இங்கிலீஷ் கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஒரு கேள்வி இருந்தது. நான் ஊருக்கு வந்து உங்களோடு இருப்பது உங்களுக்கு விருப்பமா என்று கேட்டிருந்தேன். அதிலும் இரண்டு இடத்தில் திருத்தியிருந்தீர்கள். கேள்வி மிகச் சரியான இங்கிலீஷில் எனக்குத் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. அதே கடிதத்தில் மாமா கேட்கச் சொன்னார், பிறகு மாமி கேட்கச் சொன்னார். நீங்கள் கேட்கவேயில்லை.

ஆகவே இரண்டு வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போட நினைத்திருக்கிறேன். பதினைந்தாம் திகதி கடைசி நாள். மாமாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

றிஸான்

*

காத்தான்குடி
08.09.2024

மச்சான்,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை. என்னோடு படிப்பிக்கும் அகீலாவின் புருஷன் இன்று அங்கே பயணம், அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வான் அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்படுகிறது.

விருப்பம். நீங்கள் வந்து என்னோடு இருப்பது எனக்கு விருப்பம். வாப்பா கேட்கவில்லை, உம்மா கேட்கவில்லை, நான் சொல்கிறேன். நவம்பரில் வாருங்கள்.

இனி மற்றவை. உங்கள் பாஷை பொய் என்று எனக்கு அன்றே தெரியும். பன்னிரண்டு வருஷமாக வீட்டுவேலை செய்யாத பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கேட்டவள் நான். ஆனால் இவ்வளவு அழகான காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை. அதைப் பொய்யென்று பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தலைநிமிர்ந்து எழுத வேண்டும் என்று விதி கேட்டேன். மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு உங்களுக்காகக் கேட்கவில்லை, எனக்கே ஆசை பிடித்துவிட்டது.

என் பொய்யையும் கேளுங்கள். பழக்கதோஷம் என்று எழுதினேனே, அது பொய். எனக்கு முப்பத்து நாலு வயது. ஒரு ஆண் எனக்கு அப்படியெல்லாம் எழுதியது அதுவே முதல் தடவை. கடைசிப் பந்திக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன். திருத்திக்கொண்டிருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா? கோழை நான்தான் மச்சான். நீங்கள் பதினொரு நாள் போராடி எழுதியவர்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை எடுத்துப் புரட்டினார்.

"அப்ப அந்த ஏழாம் விதிய ஆரு எழுதின?"

"நான்தான் வாப்பா, கொஞ்சம் மாத்தின."

"அதான பாத்தன், அது ஒண்டுதான் பிழையாக் கெடக்கு. மாப்புளட விதியெல்லாம் சரி."

வான் ஹோர்ன் அடிக்கிறது. இனி உங்கள் கையில்.

உங்கள் ஸுஹைனா

*

காத்தான்குடி
04.10.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

சுகம் என்று எழுதிவைக்கிறேன். பதினைந்தாம் திகதி போய்ப் பத்தொன்பது நாள். "கடிதம் கெடச்சிது, பதில் குடுத்தனுப்பியிருக்கன்" என்று போனில் சொன்னீர்கள். இன்னும் வரவில்லை. ஓமா இல்லையா என்று போனிலேயே கேட்கலாம்தான். சாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்க எனக்குத் தைரியமில்லை. 'இல்லை' என்றால் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நேற்று வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு தடவை படிப்பித்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு தடவையும் எழுதிக்கொண்டார்கள், பாவங்கள்.

ஸுஹைனா

*

தோஹா
11.10.2024

அன்புள்ள ஸுஹைனா, ஸலாம்.

நான் நல்ல சுகம். நீயும் சுகமாக இரு, அந்த முகத்தை எங்கும் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

பதில் எழுதி ஏறாவூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். அவருடைய லீவை நிறுத்திவிட்டார்களாம். மூன்று கிழமை என் கடிதம் அவருடைய பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நேற்றுத்தான் தெரிந்தது. திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டேன், அதில் உன்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் இருபத்தோராம் திகதி வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதலில் சாச்சி சந்தோஷப்பட்டிருப்பார், நீ இரண்டாவது ஆளாகியிருப்பாய். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னை இவ்வளவு நாள் தவிக்கவிட்டதற்கு மன்னித்துக்கொள்.

உன் எட்டாம் திகதிக் கடிதத்தை அறையில் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. ஆனால் என்ன முடிவு என்று என் முகத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஷொஹிதுல் எனக்குத் தெரியாமல் போய் ஒரு கிலோ இனிப்பு வாங்கி வந்துவிட்டார். நான் வந்துவிட்டாலும் இங்கே பாஷை நிற்காது. பிமல் தலைவர். ஊருக்குப் போனவருக்கும் வாக்கு உண்டு என்று புது விதி போட்டிருக்கிறார்கள். உன் 'வி-யூ' ஒரு எதிர்ப்பும் இல்லாமல் ஏறிவிட்டது. ஏழாம் விதியில் நீ செய்த மாற்றம் தோற்றுவிட்டது, ஐந்துக்குப் பூச்சியம். மாமாவிடம் சொல்லு, சந்தோஷப்படுவார்.

மாமா பத்திரிகையைத் தள்ளினால் நான் பதில் சொல்வேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்வேன். அவர் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

இனி ஒரு கேள்வி. தமிழிலேயே கேட்கிறேன். வந்த அன்று பின்னேரம், வீட்டார் ஒருவரும் கூட வராமல், நாம் இரண்டு பேரும் மட்டும் வாவிக்கரைவரை நடந்து போய் வரலாமா? நீ வருவாயா?

உன் றிஸான்

*

காத்தான்குடி
19.10.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

வருவேன்.

உங்கள் ஸுஹைனா

பி.கு: உங்கள் கடிதத்தில் நாலு பிழை இருக்கிறது. அது பிறகு.